இரண்டு கூற்றும் ஒரு தாழ்ப்பாளும்

எக்ஸ் ஒரு முழு எண்ணா? கூற்று ஒன்று: எக்ஸை இரண்டால் பெருக்கினால் முழு எண் வரும். கூற்று இரண்டு: எக்ஸை மூன்றால் பெருக்கினால் முழு எண் வரும். உதட்டை அசைக்காதே எழில், உதட்டை அசைக்காதே. ஏற்கெனவே ஒரு தடவை திரையின் ஓரத்தில் பெட்டி முளைத்து, வாய்விட்டுப் படிக்கக்கூடாது என்று எச்சரித்தாகிவிட்டது. ரெஜினால்ட் என்று பெயர் போட்டிருக்கிறது. எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, என் மடிக்கணினியின் கேமரா வழியாக என்னையும் எனக்குப் பின்னால் இருக்கும் கதவையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு என்றால் சும்மாவா. அறையில் நான் மட்டும்தான் இருக்கலாம். எழுந்திருக்கக்கூடாது, பேசக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது, வந்தால் தேர்வு ரத்து. ஆரம்பத்தில் கட்டிலுக்கு அடியில் கேமராவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு பழைய சூட்கேஸும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. சந்தேகப்படட்டும், அது அவர் வேலை. என் வேலையும் அதுதான். மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு. ஒருத்தர் எழுதிய நிரல் ஒழுங்காக ஓடுகிறது என்று சொன்னால் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால்தானோ என்னவோ இந்தக் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கும். மற்ற கணக்குகளில் விடை கண்டுபிடிக்க வேண்டும். இதில் வேண்டாம். கொடுத்திருக்கும் தகவல் போதுமா போதாதா என்று மட்டும் சொன்னால் போதும். முதல் கூற்று மட்டும் போதும் என்றால் ஏ, இரண்டாவது மட்டும் போதும் என்றால் பி, இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்றால் சி, எது தனியாக இருந்தாலும் போதும் என்றால் டி, இரண்டும் சேர்ந்தாலும் போதாது என்றால் ஈ. எக்ஸ் அரையாக இருந்தால் முதல் கூற்று சரி, ஆனால் முழு எண் இல்லை. மூன்றில் ஒன்றாக இருந்தால் இரண்டாவது சரி, அதுவும் முழு எண் இல்லை. இரண்டும் சேர்ந்தால்? மூன்று எக்ஸிலிருந்து இரண்டு எக்ஸைக் கழித்தால் ஒரு எக்ஸ். முழு எண்ணிலிருந்து முழு எண் போனால் மிச்சமும் முழு எண்தான். சி. அழுத்தினேன்.

நெய்யில் ரவை வறுபடுகிறது. இல்லை, இருக்காது. இருக்காதாவது, மூக்கு பொய் சொல்லுமா, நெய், ரவை, இதோ இப்போது முந்திரியும். இந்த வீட்டில் இரண்டு வருஷமாக ரவை என்றால் உப்புமாதான். நெய்விட்டு வறுத்துக் கேசரி கிளறுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு, அந்தக் காரணம் காரிலோ ஆட்டோவிலோ வந்து இறங்கும், சோபாவில் உட்காரும், என்னை ஏற இறங்கப் பார்க்கும். கடைசியாக வந்த கரூர்க்காரர் ஒரு விள்ளல் கேசரியை வாயில் வைத்துக்கொண்டு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகல என்று கேட்டார். உங்களுக்கு ஏன் ஆகல என்று நானும் மரியாதையாகத்தான் கேட்டேன். செண்பகம் அத்தை ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அப்பாவுடைய அக்கா, புதுக்கோட்டையில் இருக்கிறாள், எனக்கு வந்த வரன் எல்லாம் அவள் கொண்டுவந்தவைதான். அவள் நேற்றுச் சாயங்காலம் வந்து இறங்கினாள். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்டி என்றாள். அத்தை சும்மா வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இன்று காலையில் அம்மா ஹாலில் திரைச்சீலை மாற்றினாள். கோதை, என் தங்கை, நேற்று முடி வெட்டப் போகிறேன் என்று போய்விட்டுப் புருவத்தையும் திருத்திக்கொண்டு வந்தாள். சரிதான், அக்காவைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கூட நிற்கிறவளும் லட்சணமாக இருக்க வேண்டாமா. எல்லாரும் கூட்டு. எனக்கு முப்பத்தொன்று முடியப் போகிறது, வெளிநாட்டில் எம்பிஏ படிக்கப் போகிறேன் என்றதும் ஒருத்தரும் சண்டை போடாததே எனக்கு அப்போதே உறுத்தியது. போகட்டுமே, அவ இஷ்டம் என்றார் அப்பா. அப்பாவா! தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாலே மூன்று தடவை போன் செய்கிறவர். சம்மதம் மாதிரிக் காட்டிவிட்டு, பரீட்சை முடிந்த கையோடு கேசரித் தட்டைக் கையில் கொடுத்து ஹாலுக்கு அனுப்பத் திட்டம். இந்தத் திட்டம் பலித்தால் என் ஒன்றரை வருஷத்து விடிகாலைகள் அத்தனையும் வீண். படி எழில், படி, கேள்வி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது.

என் ஒரு பகா எண்ணா? என் என்ற ஆங்கில எழுத்தைச் சொல்கிறார்கள், என்னை இல்லை. கூற்று ஒன்று: அது இருபத்துநாலுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில் உள்ள முழு எண். கூற்று இரண்டு: அது ஒற்றைப்படை. இரண்டாவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏழும் ஒற்றைப்படை, ஒன்பதும் ஒற்றைப்படை. முதலாவதில் மூன்றே எண்கள்தான். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. ஒன்றுகூடப் பகா எண் இல்லை. எது என்று தெரியாது, ஆனால் எதுவாக இருந்தாலும் பகா எண் இல்லை. இங்கேதான் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தேன். இல்லை என்று வந்தால் தகவல் போதவில்லை என்று நினைத்துவிடுவேன். தில்லை நகர் கோச்சிங் சென்டரில் பிரான்சிஸ் சார் தலையில் அடித்துக்கொள்வார். நிச்சயமா இல்லைன்னு தெரிஞ்சா அதுவும் விடைதாம்மா, தெரியலங்கறதுதான் விடை இல்ல என்பார். ஏ. சரி, அப்படியானால் என் கேள்விக்கு வருவோம். என்னை அனுப்ப இந்த வீட்டுக்கு மனசு இருக்கிறதா? கூற்று ஒன்று, கேசரி. இல்லை என்று ஆகிவிட்டது. நிச்சயமான இல்லை. கோபத்தை முழுங்குகிறேன், முழுங்குவதையும் அந்த ரெஜினால்ட் பார்ப்பார். ஆனால் அப்பா தெரு முனையில் துளை போட்டுக்கொண்டிருந்த ஆட்களிடம் போய், எம் பொண்ணுக்குப் பரீட்சைங்க, நாலரை மணி வரைக்கும் கொஞ்சம் நிறுத்துங்க என்று கெஞ்சிவிட்டு வந்தாரே. மோட்டார் சத்தம் கேட்கும் என்று காலையிலேயே தொட்டியை நிரப்பினாரே. இன்வர்ட்டருக்குப் புது பேட்டரி போட்டாரே. அதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? தேதி குறித்ததும் அவர்தான். நாள்காட்டியைப் பார்த்து, ஞாயித்துக்கிழமை ஒன்றரை வரைக்கும் எமகண்டம், ரெண்டு மணிக்குப் போட்டுக்கோம்மா, நாலரைக்கு ராகு காலம் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும் என்றார். பரீட்சைக்கு நல்ல நேரம் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாசமாகவும் இருந்தது. யாருக்கு நல்ல நேரம் பார்த்தீர்கள் அப்பா? உள்ளே வந்து உட்கார்ந்ததும், நான் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுடறேன், யாராவது தெரியாத்தனமா திறந்து உன் பரீட்சை கெட்டுடக்கூடாது என்றார். நானும் தலையை ஆட்டினேன். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிகிறது, முகத்துக்குப் பின்னால் கதவு. எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்பது படத்தில் தெரியாது.

கார்க் கதவு சாத்துகிற சத்தம். ஒன்று இல்லை, இரண்டு. வாங்க, வாங்க, வழி ஈஸியா கண்டுபிடிச்சீங்களா என்று அப்பாவின் குரல், விருந்தாளிக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிற குரல். இந்த அறைக் கதவு வெறும் பிளைவுட், ஹாலில் ஒருத்தர் பெருமூச்சு விட்டாலும் கேட்கும். வந்தேவிட்டார்கள். இப்போது எண்ணெய் வாசனையும் வருகிறது, வாழைக்காய் பஜ்ஜி. சொல்லவே வேண்டாம், கேசரி, பஜ்ஜி, அத்தை, திரைச்சீலை, கார், எல்லாம் சேர்ந்தால் சி, இரண்டும் சேர்ந்தால் போதும், என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். வரட்டும். மேலே தெரிகிற வரைக்கும் நல்ல சட்டை, மேஜைக்குக் கீழே முட்டி வெளுத்த இரவு பேண்ட். இப்படியே போய் நிற்பேன். வணக்கம், நான் பரீட்சை எழுதிட்டு வர்றேன், எனக்கு வெளிநாட்டுல சீட் கிடைக்கப் போகுது, கேசரி நல்லா இருக்கும் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அத்தை இந்தத் தடவை ஒரு வருஷம் பேசாமல் இருக்கட்டும். அடுத்த கேள்வி. ஒரு மாம்பழத்தின் எடை எவ்வளவு? எல்லா மாம்பழமும் ஒரே எடை, எல்லாக் கொய்யாவும் ஒரே எடை. கூற்று ஒன்று: இரண்டு மாம்பழமும் நாலு கொய்யாவும் சேர்ந்தால் ஆயிரத்து இருநூறு கிராம். கூற்று இரண்டு: மூன்று மாம்பழமும் ஆறு கொய்யாவும் சேர்ந்தால் ஆயிரத்து எண்ணூறு கிராம். தெரியாதது இரண்டு, கூற்று இரண்டு, ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும், சி. கை போய்விட்டது. நில். முதலாவதைப் பாதியாக்கு. ஒரு மாம்பழம், இரண்டு கொய்யா, அறுநூறு. இரண்டாவதை மூன்றால் வகு. ஒரு மாம்பழம், இரண்டு கொய்யா, அறுநூறு. இரண்டும் ஒரே செய்தி. வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து இரண்டாவது ஆள் மாதிரி நிற்கிறது. மாம்பழத்தின் எடை இதில் எங்கேயும் இல்லை. ஈ. நல்லவேளை, தப்பித்தேன். பிரான்சிஸ் சார் சொல்வார், கேள்வியில இல்லாததை வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வராதீங்க. எடுத்துக்கொண்டு வரவே கூடாது.

பொண்ணை வரச் சொல்லுங்களேன். வயதான பெண் குரல், பழக்கமில்லாத குரல். என் முதுகு தானாக நிமிர்ந்தது. சின்னக் கட்டத்தில் கதவையே பார்க்கிறேன். தாழ்ப்பாள் சத்தம் வரும், கதவு திறக்கும், ரெஜினால்ட் பார்ப்பார், தேர்வு ரத்து. அடப்பாவிகளா, இன்னும் கால் மணி நேரம் பொறுக்கக்கூடாதா. கதவு அசையவில்லை. கொலுசுச் சத்தம் கேட்கிறது. சமையலறையிலிருந்து ஹாலுக்கு. இந்த வீட்டில் கொலுசு போடுகிறவள் ஒருத்திதான். வாம்மா பூங்கோதை, இப்படி உக்காரு என்கிறாள் அத்தை, தேன் வடிகிற குரலில். பூங்கோதை. முழுப் பெயர். முழுப் பெயரை நாங்கள் எப்போது சொல்வோம்? கேசரி யாருக்கு என்று கேசரியில் எழுதியிருக்கவில்லை. பஜ்ஜியிலும் இல்லை. பஜ்ஜி சொன்னதெல்லாம் கேசரி சொன்னதைத்தான், யாரோ வருகிறார்கள் என்று. என்னை என்பதை நான்தான் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். வீடே இதுதான், இங்கிருந்தே எடுத்து இங்கேயே வைத்துக்கொண்டேன். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. நிஜமாகவே வந்தது. அது முழுசாக வெளியே போகும் முன்பே வேறொன்று வந்து அதன் மேல் உட்கார்ந்தது, அதற்குப் பெயர் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யக்கூடாதா? கோதைக்கு இருபத்தேழு. நல்லது நடக்கட்டும், நானே புடவை மடிப்பு எடுத்துவிட்டிருப்பேனே. புருவம் எனக்காக இல்லை. திரைச்சீலை எனக்காக இல்லை. தெருவில் துளை போடுகிற சத்தம் யாருக்காக நின்றது? கடிகாரம் ஓடுகிறது. திரையில் ஒரு செவ்வகம் இருக்கிறது, அதன் பரப்பளவைக் கேட்கிறார்கள், அதன் நீளமும் அகலமும் என் கண்ணுக்கு ஏறமாட்டேன் என்கின்றன.

உங்களுக்கு ரெண்டு பொண்ணுன்னு தரகர் சொன்னாரே, மூத்தவங்க? அதே பெண் குரல். ஹாலில் ஒரு சின்ன மௌனம். ஒரு தட்டு மேஜையில் உட்காரும் சத்தம். இந்த மௌனம் எனக்குத் தெரியும், அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் மௌனம். பெரியவ வெளிநாட்டுல மேல்படிப்பு படிக்கிறா, போய் ஆறு மாசம் ஆச்சு, படிப்பு முடிஞ்சுதான் கல்யாணம்னு சொல்லிட்டா என்றார் அப்பா. அத்தை உடனே சேர்ந்துகொண்டாள். அவ ரொம்ப கெட்டிக்காரி, ஸ்காலர்ஷிப்லதான் போயிருக்கா. ஆகா. அந்தப் பெண்மணியும் சந்தோஷப்பட்டாள், அங்க குளிர் தாங்குதாமா என்று கேட்டாள். பழகிருச்சாம் என்கிறாள் அம்மா. அம்மாவுமா. நான் இங்கே, மின்விசிறி அணைத்த அறையில், காகிதம் பறக்கும் சத்தம் கேமராவுக்குக் கேட்கக்கூடாது என்று, வேர்த்து வடிய உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அங்கே குளிர் பழகிவிட்டது. இப்போது ஒரு இருமல் இருமினால் என்ன ஆகும்? நாற்காலியைத் தள்ளினால்? ஒரு தும்மல் போதும், கோதையின் கல்யாணமும் போய்விடும், என் பரீட்சையும் போய்விடும், இரண்டும் சேர்ந்து போகும். இத்தனை பேர் முன்னால் கொலுசுக் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு மூச்சு வருகிறதா? திரை ஓரத்தில் பெட்டி முளைத்தது. உங்கள் கண்கள் திரையை விட்டு விலகுகின்றன. கொஞ்சம் இடைவெளிவிட்டு இன்னொரு வரி. எல்லாம் சரியாக இருக்கிறதா? முகத்தைத் துடைத்தேன் போலிருக்கிறது, துடைத்தது எனக்கே தெரியவில்லை. இன்று இந்த வீட்டில் என்னைப் பார்த்து இதைக் கேட்டது இந்த மனிதர் ஒருத்தர்தான், அதுவும் நான் காப்பியடிக்கிறேனோ என்ற சந்தேகத்தில். ஆம், சரியாக இருக்கிறது என்று தட்டினேன். செவ்வகம். கூற்று ஒன்று சுற்றளவைச் சொல்கிறது, தனியாகப் போதாது. கூற்று இரண்டு மூலைவிட்டத்தைச் சொல்கிறது, அதுவும் தனியாகப் போதாது. சேர்த்தால்? சுற்றளவில் பாதியை வர்க்கம் செய், மூலைவிட்டத்தின் வர்க்கத்தைக் கழி, பாதியாக்கு, பரப்பளவு வந்துவிடும். சி. அடுத்தது. அடுத்தது. கை என் கை மாதிரி இல்லை, தானாகப் போகிறது, தப்பே செய்யமாட்டேன் என்று போகிறது. இப்போது நான் தோற்றால் என் கனவு மட்டும் போகாது, ஹாலில் சொன்ன ஒரு பொய் நிர்வாணமாக நிற்கும். என் ஒன்றரை வருஷத்தை நான் எனக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோதையின் கல்யாணத்தன்று ஊரில் இல்லாமல் இருக்க எனக்கு ஒரு நாடு தேவைப்படுகிறது, அதை நானே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கடைசிக் கேள்வியை அழுத்தியதும் திரை வெள்ளையாகிச் சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் ஓடியது. பிறகு மதிப்பெண் வந்தது. நான் எழுதி வைத்திருந்த இரண்டு கல்லூரிக்கும் போதும். தாராளமாகப் போதும். ரெஜினால்ட் நன்றி என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார், கேமராவின் பச்சை விளக்கு அணைந்தது. இனி உதட்டை அசைக்கலாம், எழுந்திருக்கலாம், குதிக்கலாம். நான் உட்கார்ந்தே இருந்தேன், ஏனென்றால் ஹாலில் இன்னும் பேச்சு நடக்கிறது, நான் இன்னும் ஊரில் இல்லை. ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பிடறோம், போன்ல பேசிக்கலாம் என்று ஓர் ஆண் குரல். செருப்புகள். காரின் கதவுகள். தெருவில் துளை போடும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கொலுசு ஓடி வருகிறது, தாழ்ப்பாள் விலகியது, கோதை நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள், நாவல்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, அழகாக இருந்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "உள்ள வரலாமாக்கா? கேமரா போயிடுச்சா?" என்றாள். "போயிடுச்சு. உனக்குப் பிடிச்சிருக்காடி?" என்று கேட்டேன். அவள் முகம் அப்படியே கோணியது. "உன்கிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்கக்கா, பரீட்சை கெட்டுரும்னு. வெளிநாடு அது இதுன்னு அவங்க சொல்லப்போறது எனக்குச் சத்தியமா தெரியாது." மூக்கை உறிஞ்சினாள். பட்டுப்புடவையில் துடைத்துக்கொள்ளப் போனாள், என் துண்டைக் கொடுத்தேன். பிடிச்சிருக்கா என்றதற்கு அவள் காதுதான் சிவந்தது, அது போதும்.

அவளுக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். கையில் ஒரு தட்டு, கேசரி, பக்கத்தில் இரண்டு பஜ்ஜி. நல்ல வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையும். கோதை அவரைப் பார்த்துவிட்டு நழுவிப் போனாள். அப்பா கதவை அகலத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. "முடிஞ்சுதாம்மா?" என்றார். நான் மதிப்பெண்ணைக் காட்டவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்திருந்தார். அது எனக்காகப் பயமா, ஹாலில் சொன்ன வார்த்தைக்காகப் பயமா? தொட்டியை நிரப்பியது ஒரு கூற்று. தாழ்ப்பாளைப் போட்டது இன்னொரு கூற்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு செய்திகள், மாம்பழம் கொய்யா மாதிரி ஏமாற்று வேலை இல்லை, சேர்த்து வைத்துப் பார்த்தேன், புரட்டிப் பார்த்தேன், இந்த மனிதர் மனசு எனக்கு விடையாக வரவில்லை. "என்னம்மா, கிடைச்சிருமா?" என்று மறுபடி கேட்டார், குரல் கீழே போயிருந்தது. எனக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, அவர் கையிலிருக்கும் தட்டைத் தட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. "கிடைச்சிரும்ப்பா. நீங்க சொன்னது பொய்யாகாது" என்றேன். அவர் மேஜையில் தட்டை வைத்தார், வைத்த பிறகும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். மின்விசிறியைப் போட்டார். பிறகு திரும்பிப் போய்க் கதவைப் பழக்கத்தில் இழுத்துச் சாத்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாள் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. அவர் நடந்து போகும் சத்தமும் வரவில்லை. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது.